ஏழாம் போர்ட்

பாளையங்கோட்டையில் 2022 ஜூன் 13 திங்கட்கிழமை தொடங்கி, ஐந்தாறு தெருக்களில் சிதறிக் கிடந்த 27 வீடுகளுக்கு மாலையானால் இன்டர்நெட் போய்விடும். ஐந்தே முக்கால் வாக்கில் போகும். எட்டரை தாண்டினால் யாரும் தொடாமலேயே வந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். இப்படி ஒன்பது மாலைகள். பழுதைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். அதை உண்டாக்கியவனும் நான்தான் என்பது பத்தாவது மாலை தெரிந்தது.

அப்போது நான் அப்ரண்டிஸ். பாலிடெக்னிக்கில் இ.சி.இ. முடித்துவிட்டு, பிராட்பேண்ட் களப்பணியை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் பிப்ரவரியில் சேர்ந்திருந்தேன். தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஒரு வருடம். பதிவு, ஒப்பந்தம் எல்லாம் தரமணியில் இருக்கும் தென் மண்டல வாரியத்தின் வழியாக நடக்கும். டிப்ளமோக்காரர்களுக்கு அன்றைய குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய், அதில் பாதி மத்திய அரசின் பங்கு. 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு எங்களைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. எங்கள் நிறுவனம் இதற்கு எடுத்துக்கொண்ட அர்த்தம் எளிமையானது. வேலைக்கான ஆப்பில் எனக்கு லாகின் கிடையாது. நான் செய்கிற வேலை எதுவாக இருந்தாலும் கூட வரும் சீனியரின் பெயரில் ஏறும், அவர் பெயரிலேயே முடியும். இந்த விஷயம் பின்னால் வரும்.

என் சீனியரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பி.எஸ்.என்.எல்.லில் லைன்மேனாக இருந்தவர். அங்கே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 78,000க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்களே, அதில் ஒருவர். காப்பர் வயர் காலத்து ஆள். ரிசீவரைக் காதில் வைத்து, இரைச்சலை வைத்தே எந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்லுவார் எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒளி ஓடும் ஃபைபரில் கேட்க ஒன்றும் இல்லை என்பது அவருக்கு ஒரு குறைதான்.

முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்த பயிற்சி பெரும்பாலும் கண்ணுக்கும் விரலுக்கும்தான். கேபிளுக்குள் இருக்கும் பன்னிரண்டு இழைகளின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் ஒன்றாகத் தெரியும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. மேலுறையை உரித்த பிறகு மிஞ்சும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். ஒளி ஓடுவது அதன் நடுவே ஒன்பது மைக்ரானில். வெட்டும்போது தெறிக்கும் துணுக்கை உடனே டேப்பில் ஒட்டி வைத்துவிட வேண்டும். விரலில் ஏறினால் எடுக்கவும் முடியாது, தெரியவும் செய்யாது, ராத்திரி சோறு பிசையும்போது குத்தும். அப்புறம் வயர் முனையில் இருக்கும் கனெக்டர்கள்: பச்சை மூக்கு, நீல மூக்கு. பச்சை கனெக்டரின் முனை எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் அப்படி இல்லை. இரண்டையும், கனெக்டர்களை எதிரெதிரே சேர்க்கும் கப்ளரில் மாட்டினால் பார்க்கப் பொருந்தியதுபோல இருக்கும், நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். எங்கள் பெட்டிகளில் எல்லாமே பச்சை. அதனால் என் மூளையில் ஒரு தப்பான சமன்பாடு பதிந்துவிட்டது: பச்சை மூக்கு என்றால் அது நம்முடையது.

பழுதைச் சொல்வதற்கு முன் இந்த வலையமைப்பு எப்படிப் பேசுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து, அதாவது வயர் மாட்டும் துளையிலிருந்து, ஒரே ஒரு இழை கிளம்புகிறது. தெருமுனை கேபினட்டில் அது நாலாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு கம்பத்துப் பெட்டியில் எட்டாகப் பிரிகிறது. ஆக 32 வீடு வரை ஒரே போர்ட். பிரிப்பது ஸ்ப்ளிட்டர் என்ற கண்ணாடித் துண்டு, அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் நாலாகப் பிரிப்பதில் ஏழு டெசிபல், எட்டாகப் பிரிப்பதில் பத்தரை டெசிபல் ஒளி போய்விடும். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்போம், மைனஸ் கூடக் கூட ஒளி குறைவு. பிளஸ் மூன்றில் கிளம்பியது வீட்டுக்கு வரும்போது மைனஸ் 18, 19 டிபிஎம்மில் நிற்கும். மோடம் மைனஸ் 27 வரை தாங்கும். நாங்கள் மைனஸ் 25ஐப் பார்த்தாலே எங்கோ வளைவு, அழுக்கு என்று தேட ஆரம்பிப்போம்.

வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து திரும்பும் ஒளிக்கு 1310. இரண்டும் ஒரே இழையில். வருவதில் சிக்கல் இல்லை, எக்ஸ்சேஞ்ச் ஒன்று பேசுகிறது, 32 மோடமும் கேட்கின்றன. திரும்பும் வழியில்தான் ஒழுங்கு தேவை. 32 பேரும் ஒரே இழையில் பேச வேண்டும் என்பதால், எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு மோடத்துக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறது. வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோலத்தான். பெயர் கூப்பிட்டால் மட்டும் "உள்ளேன் ஐயா". கூப்பிடாமல் ஒரு மோடம் வாயைத் திறக்கக்கூடாது. வயரைப் பிடுங்கி, கூப்பிடும் குரலே கேட்காமல் செய்துவிட்டால் அது மௌனமாகிவிடும். இந்தக் கடைசி வரிதான் இந்தக் கேஸை முடித்தது.

சரி, ஒன்பது மாலைகள்.

முதல் நாள் நான்கு புகார். இரண்டாம் நாள் பதினொன்று. மோடத்தில் சிவப்பு லைட் எரியவில்லை, அதாவது ஒளி வந்துகொண்டிருக்கிறது. பச்சையாக நிற்க வேண்டிய விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. பவர் மீட்டரில் மைனஸ் 19. காப்பர் நாட்களின் வழக்கப்படி அண்ணாச்சி மழையைச் சந்தேகித்தார், மழையே இல்லை. மாலையில் கரண்ட் வோல்டேஜ் இறங்குகிறதோ என்றார் ஒருவர். எக்ஸ்சேஞ்சில் அந்தப் போர்ட்டின் லேசர் மாட்யூலை மூன்றாம் நாள் மாற்றினார்கள். அன்று இரவு எட்டரைக்கு எல்லாம் சரியானது, மாட்யூல்தான் காரணம் என்று டிக்கெட்டை மூடினார்கள். மறுநாள் ஐந்தே முக்காலுக்கு மறுபடியும் போனது.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு மோடம் கெட்டுப்போய், கூப்பிடாத நேரத்தில் கத்துகிறது என்று ஐந்தாம் நாளே ஊகித்தார்கள். இது தெரிந்த நோய். அதற்கு வைத்தியமும் உண்டு: எக்ஸ்சேஞ்சிலிருந்தே சீரியல் எண்ணைச் சொல்லி ஒவ்வொரு மோடத்தையும் வாயை மூடச் சொல்லலாம். கட்டளை வீட்டை நோக்கிப் போகும் வழியில் பழுது இல்லை, அதனால் மோடங்கள் கேட்டு அடங்கும். அவர்கள் ஒவ்வொன்றாக அடக்கினார்கள். கடைசியில் 27ஐயும் அடக்கினார்கள். போர்ட்டில் ஒளி நிற்கவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகும் வகுப்பில் யாரோ கத்துகிறார்கள். இதை அவர்கள் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. 28ஆவது ஆள் ஒருவன் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் 27 பேர்தான்.

இன்னொரு சங்கடம் நேரம். களப்பணிக்காரர்களுக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். புகார் பதிவாகி, ஆள் ஒதுக்கி, வண்டி கிளம்பி வருவதற்குள் எட்டரை ஆகிவிடும், பழுது போய்விடும். "தானாகச் சரியானது" என்று எழுதி மூடுவார்கள். அடுத்த நாள் புது டிக்கெட், புது எண். கணினியில் பார்த்தால் ஒன்பது சின்னப் பழுதுகள், எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட்டவை. மாத அறிக்கைக்கு அது நல்ல கணக்கு. ஒரே பழுது ஒன்பது நாளாக ஓடுகிறது என்பது எந்தத் திரையிலும் தெரியாது.

தெரிந்தது ஒரு காலண்டரில்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. புதன்கிழமை காலை நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். வழக்கம்போல ஒளியை அளந்தோம், வழக்கம்போல மைனஸ் 19. டீச்சர் எங்களைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டு, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் பால் பாக்கெட் எண்ணிக்கைக்குக் கீழே பென்சிலில் பொடியாக இரண்டு நேரம். 5.40, 8.35. 5.45, 8.30. 5.40, 8.40. ஞாயிற்றுக்கிழமை 19ஆம் தேதிக் கட்டத்தில் பால் மட்டும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை உங்க கம்பெனிக்கு லீவா தம்பி? அன்னைக்கு மட்டும் ஒழுங்கா வந்துச்சே" என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "மெஷினுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது டீச்சர். மனுசனுக்குத்தான் தெரியும்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "எலே, எவனோ தினமும் சுவிட்ச் போடுதான், அணைக்கான். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகாதே" என்றார்.

வியாழன் ஐந்தரைக்கே தெருமுனை கேபினட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நாற்பத்திரண்டுக்கு கன்ட்ரோல் ரூமிலிருந்து போன்: போச்சு. நாலு கிளைகளில் முதல் கிளையைக் கழற்றினோம். ஒரு நிமிடம். மற்றவை வரவில்லை. மாட்டிவிட்டு இரண்டாவது. வரவில்லை. மூன்றாவதைக் கழற்றியதும் போனில், "அண்ணாச்சி, எல்லாம் ஏறுது, ஒவ்வொண்ணா ஏறுது" என்று கத்தினார் கன்ட்ரோல் ரூம் பெண். மூன்றாவது கிளை போவது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு கம்பத்துப் பெட்டிக்கு. எந்தக் கம்பம் என்று கேட்டதுமே என் வயிற்றில் ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் காரணம் புரியவில்லை.

ஏணி போட்டு ஏறினேன். பெட்டிக்குள் எட்டு போர்ட். பதிவேட்டின்படி ஆறில் இணைப்பு, ஏழும் எட்டும் காலி. உள்ளே எட்டாவது மட்டும்தான் காலி. ஏழில் ஒரு வயர் மாட்டியிருந்தது, பச்சை மூக்கு. அதைக் கழற்றி மீட்டரில் வைத்து, அலைநீளத்தை 1310க்கு மாற்றினேன். மைனஸ் 9. வீட்டுப் பக்கத்திலிருந்து ஒளி வருகிறது. வயரைப் பிடுங்கினால் மௌனமாக வேண்டிய இடத்தில், யாரும் கூப்பிடாமலே, நிற்காமல் கத்திக்கொண்டிருக்கிறது. அது மோடமே இல்லை.

அந்த வயரின் கழுத்தில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நிறுவனத்தில் கொடுப்பது கறுப்பு டேப். பச்சை டேப் நான் என் காசில் வாங்கியது, என் வேலை தனியாகத் தெரியட்டும் என்று. தெரிந்தது.

மே 24ஆம் தேதி அந்தக் கம்பத்தை மாற்றினார்கள். பழைய கம்பத்தில் லாரி இடித்து, சாய்ந்து நின்றது. பெட்டியைக் கழற்றிப் புதுக் கம்பத்தில் கட்டி, வயர்களைத் திரும்ப மாட்டும் வேலை எனக்கு. அண்ணாச்சி கீழே இன்னொரு ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியோரம் ஏழு வயர் தொங்கிக்கொண்டிருந்தன, எல்லாம் பச்சை மூக்கு. ஏழையும் மாட்டினேன். கீழேயிருந்து குரல் வந்தது: "எல்லாம் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு அண்ணாச்சி."

எத்தனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழு என்று சொல்லியிருந்தால், ஆறுதானே இருந்தது என்று அவர் அப்போதே கேட்டிருப்பார்.

ஏழாவது வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். அது ஒரு டியூஷன் சென்டரின் பின்கட்டிடத்துக்குள் நுழைந்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் சென்டரின் முதல் கட்டிடம், அந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்த இன்னொரு கட்டிடம். பின்கட்டிட வகுப்பறையின் கேமராவை இங்கே ஆபீஸில் பார்ப்பதற்காக, கேமரா மாட்டியவர் இரு கட்டிடத்துக்கும் நடுவே ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும், மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியைத் திரும்ப மின் சமிக்ஞையாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். வயர் நீளம் போதாமல் எங்கள் கம்பத்தில் கப்ளர் வைத்து இணைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். கம்பம் மாற்றும்போது கப்ளர் கழன்று, பின்கட்டிட வயர் எங்கள் பெட்டியோரம் தொங்கியிருக்கிறது. கடைத்தெருவில் கிடைத்த பச்சை கனெக்டரை அவர் போட்டிருந்தார், அவ்வளவுதான் அதன் வேஷம்.

மீடியா கன்வெர்ட்டருக்கு முறை தெரியாது. கரண்ட் கொடுத்தால் இடைவிடாமல் ஒளியை அனுப்பும். இந்த ஜோடியில் ஒன்று 1310இல் அனுப்பும், மற்றது 1550இல். என் கைக்கு வந்தது 1310 முனை, அதாவது வீடுகள் எக்ஸ்சேஞ்சுடன் பேசும் அதே அலைநீளம். எதிர் முனை வயர் தொங்கியிருந்தால், எக்ஸ்சேஞ்சின் வடிகட்டி அதைத் தள்ளியிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. என் தப்பு அப்படியே இருந்திருக்கும், தெரிந்தே இருக்காது.

மே 24க்கும் ஜூன் 13க்கும் நடுவே ஏன் பழுதில்லை? விடுமுறை. ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளி திறந்தது ஜூன் 13, டியூஷனும் அன்றே. கன்வெர்ட்டர் செருகியிருந்தது ஃபேன் சுவிட்ச் இருக்கும் அதே போர்டில். பிள்ளைகள் வருவதற்கு முன் மெயினைப் போடுவார்கள், போனதும் அணைத்துப் பூட்டுவார்கள். திங்கள் முதல் சனி வரை. டீச்சரின் பென்சில் குறிப்புகள், பார்க்கப்போனால், டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு.

சென்டர் நடத்துபவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை கேமராக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, "பத்து நாளா போன் பண்றேன், இப்பதான் வாறீங்க. அங்க பசங்க என்ன பண்றாங்கன்னே தெரியலை" என்று சத்தம் போட்டார். அவருக்கும் அதே பத்து நாள் பழுது. அண்ணாச்சி மறுப்புச் சொல்லாமல், புதுக் கப்ளர் ஒன்றை என் கையில் கொடுத்து மேலே ஏறச் சொன்னார். ஆபீஸ் திரையில் பின்கட்டிட வகுப்பறை வந்தபோது, ஒருவன் பெஞ்சின் மேல் நின்று பேட்டிங் செய்துகொண்டிருந்தான்.

அன்றிரவு டீக்கடையில் அண்ணாச்சி ஆப்பைத் திறந்து மே 24ஆம் தேதி வேலையைக் காட்டினார். அவர் ஐடி, அவர் பெயர், "கம்பம் மாற்றம், இணைப்புகள் சரிபார்க்கப்பட்டன". "ரெக்கார்டுப்படி இது என் தப்பு. நீ அன்னைக்கு அங்க இல்லவே இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் இன்ஜினியரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார், நியாயம். திட்டி முடித்து, "இதை ஒன்பது நாள் முன்னாடி ஏன் சொல்லல?" என்றார். சொல்வதற்கு எனக்கே தெரியாது என்றேன். யாராவது கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும்.

யாரும் ஏன் கேட்கவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கன்ட்ரோல் ரூம் முதல் நாளே அந்தக் கிளைகளில் சமீபத்தில் நடந்த வேலைகளின் பட்டியலை எடுத்தது. கம்பம் மாற்றமும் அதில் இருந்தது. அண்ணாச்சிக்குப் போன் செய்து கேட்டார்கள். முப்பது வருட லைன்மேன், "அது சரியாத்தான் பண்ணுனோம்" என்று சொன்னால் யார் மேலே கேட்பார்கள்? பெட்டியில் கைவைத்தவன் நான்கு மாத அப்ரண்டிஸ் என்று பட்டியலில் இருந்திருந்தால், அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் பெயரை விட்டது என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை, லாகின் கணக்கு ஒன்று மிச்சம் என்பதற்காக. என் மீது பழி வராதது மட்டும் அதன் விளைவு இல்லை. தேடுகிறவர்களுக்கு வழியும் அடைபட்டது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் மாறின. குறிப்பு எழுதும் இடத்தில், பெட்டியில் கைவைத்தவர் யார் என்பதைச் சீனியர் எழுத வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். லாகின் வரவில்லை, பெயர் வந்தது. இன்னொன்று எங்கள் இருவருக்குள்: பெட்டி மூடுவதற்கு முன் அவர் கீழேயிருந்து "எத்தனை?" என்பார், நான் எண்ணைச் சொல்வேன், அவர் போனில் பதிவேட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மூடி. காலி போர்ட்டில் தூசி மூடி போடுவதையும் கட்டாயமாக்கினோம், அது ஏற்கெனவே விதியில் இருந்ததுதான்.

பயிற்சி காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை போகும். அந்தக் காலாண்டுக்கான என் அறிக்கையில் "பழுது கண்டறிதல்" என்ற வரிக்கு எதிரே "நன்று" என்று போட்டிருந்தது. யாருடைய பழுது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.